காலிக் கட்டம்

வேலை ஒன்று. வந்தவர் முப்பத்தொருவர்.
நூற்றுக்கு மூன்று புள்ளி இரண்டு என்று
பேருந்திலேயே மனம் போட்டுப் பார்த்துவிட்டது.
சிபாரிசுக் கடிதத்தோடு வந்த நீலச் சட்டைக்காரர்
அனைவர்க்கும் சமவாய்ப்பு என்ற எடுகோளை
நடைபாதையிலேயே முறித்துவிட்டார்.

பதவியின் பெயர் திட்டப் பகுப்பாய்வாளர்.
கணிதத் திறன் கட்டாயம். தொகுப்பூதியம். பதினோரு மாதம்.
பன்னிரண்டு என்றால் அது வருடம்,
வருடம் என்றால் அதற்கு விடுப்பு, வைப்பு நிதி, வாய்.
பல்கலைக்கழகமும் எண்ணத் தெரிந்ததுதான்.

காலை நாலே முக்காலுக்குத் திருத்துறைப்பூண்டியில் ஏறியவள்
தஞ்சாவூரில் பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தேன்.
பக்கத்தில் கூத்தாநல்லூர் சுஹ்ரா.
என் நோட்டை எட்டிப் பார்த்து,
"அக்கா, இந்த அணிக்கு நேர்மாறு வராது,
அணிக்கோவை சுழியம்" என்றாள்.
அப்போதே தெரிந்துவிட்டது, வேலை யாருக்கென்று.

உள்ளே மூன்று பேர், ஒரு தட்டு முந்திரி பிஸ்கட்.
நடுவில் இருந்தவர் திரையைத் திருப்பினார்.
நானூற்றுப் பன்னிரண்டு ஊர்.
ஊருக்கு ஒரு வயல், வயலில் ஐந்துக்கு ஐந்து மீட்டர்
அறுத்து, அடித்து, நிறுத்த நெல்.
பதினேழு கட்டம் காலி.
"என்ன செய்வீங்க?"

சராசரியை இட்டு நிரப்பலாம் என்றேன்.
அண்டை ஊரைக் கொண்டு ஊகிக்கலாம் என்றேன்.
அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.
"சார், காலியும் சுழியமும் ஒண்ணு இல்ல.
சுழியம்னா ஒருத்தர் போயிருக்கார், பாத்திருக்கார்,
ஒண்ணும் விளையல.
காலின்னா யாருமே போகல."
பிஸ்கட் கடிபடும் சத்தம் கேட்டது.
"எந்தெந்த ஊர் சார்?"
"குறியீட்டு எண் இருக்கே, ஊர் எதுக்கும்மா?"

எண்களைப் பார்த்தேன்.
வாய்க்கால் இறங்கும் வரிசையில் இட்டவை.
ஒவ்வொரு தொடரிலும் கடைசி எண்தான் காலி.
மேட்டூர் திறந்து, மலர் தூவிய படம் பேப்பரில் வந்து,
அந்தப் பேப்பரில் பஜ்ஜி மடித்துத் தந்த பிறகும்
ஈரம் எட்டாத ஊர்கள்.
சொல்லவில்லை.
நன்றி என்று எழுந்தேன்.

சுஹ்ராவுக்குத்தான் கிடைத்தது.
காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் எனது.
அது ஐப்பசி. மாசியில் அவளுக்கு வங்கியில் வேலையாகிப் போனாள்.
பதினொன்றில் நான்கு கழிந்து
ஏழு மாதம் எனக்கு வந்தது.

கோப்பைத் திறந்தேன். காலியே இல்லை.
பதினேழு கட்டத்திலும் பன்னிரண்டு புள்ளி நான்கு.
யாரும் போகாத பதினேழு ஊரில்
ஒரு மணி கூடாமல் குறையாமல் ஒரே விளைச்சல்.
ஓரத்தில் சிறு குறிப்பு:
"அக்கா, நான் நிரப்பல. எனக்கு முன்னாடியே இப்படித்தான்."

பயணப்படி திட்டத்தில் இல்லை.
ஞாயிற்றுக்கிழமை, என் காசில்,
பேருந்து திரும்புகிற கடைசி இடம், மணல்மேட்டுக்கோடி.
சமவாய்ப்பு எண் காட்டிய சர்வே எண்ணைத் தேடிப் போனால்
தண்ணீரைச் சிலுப்பிக்கொண்டு சக்கரம் சுற்றுகிறது.
இறால் குட்டை.
காவலுக்கு இருந்த அமிர்தகடேசன் சிரித்தார்:
"நெல்லா? அது ஆச்சு ஒன்பது வருசம்.
எறால் எத்தனை டன்னுன்னு வேணா எழுதிக்கங்க."

திங்கட்கிழமை.
சுழியம் என்று போட்டால்
நட்டுக் காய்ந்த வயலாகிவிடும்.
காலி என்று விட்டால் நான் போகாத ஊராகிவிடும்.
அன்று நேர்காணலில் அவ்வளவு தெளிவாகப் பேசியவள்
கட்டத்துக்குள் சுட்டி துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு புள்ளி நான்கை மட்டும் அழித்தேன்.
சராசரி அசையவில்லை.
அசையாது. சராசரியையே இட்டு நிரப்பினால்
எடுத்தாலும் வைத்தாலும் அதற்கு ஒன்றுதான்.
நிரப்பியவர் கணக்கு அறிந்தவர்.

திட்ட விலக்கம் மட்டும்
மூன்றாம் தசமத்தில்
ஒரு மயிரிழை விரிந்தது.
இன்னும் பதினாறு இருக்கிறது.